வளைந்த கம்பி

குட்டிம்மா,

இந்த ஆண்டும் எனக்கு விடுப்பு இல்லை. மேலாளரே இன்று காலை சொன்னார். நான் நலம். உன் முதுகுவலி தேவலையா?

பொழுதுபோக்காகப் பழைய பூட்டுகளைச் சாவியில்லாமல் திறந்து பழகுகிறேன். அறையில் உடன் இருக்கும் வெல்டருக்குச் சிரிப்பு.

"ரம்பப்பல் கம்பிய விட்டு நாலு ஆட்டு ஆட்டுய்யா, சட்டுனு தொறந்துக்கும். வளைஞ்ச கம்பிய வச்சு பூட்டுக்குள்ள இருக்குற ஊசிய ஒவ்வொண்ணா நெம்பிக்கிட்டிருக்கியே!"

அவர் சொல்வது சரிதான். ஆனால் சீக்கிரம் திறந்துவிட்டால் மிச்சப் பொழுதை என்ன செய்வேன்? அதனால் வளைந்ததையே எடுக்கிறேன்.

நம் வாசல் கதவின் பழைய பூட்டை அனுப்பி வை. சாவி வேண்டாம்.

ஷிப்ட் வண்டி ஹாரன் அடிக்கிறது. விடுப்புக்கு மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாதக் கடைசியில் மேலாளர் பதில் சொல்வாராம். அதுவரை பாப்பாவிடம் நான் வருவதாகச் சொல்லாதே.