புறவாசல் தொட்டிப் பாசி

இன்று காலை எங்கள் தெருச் சாக்கடையோரம் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும், அண்ணே, வெள்ளை வெளேரென்ற தொட்டியின் முன் நீ தலையில் கைவைத்து நின்ற கோலம் நினைவுக்கு வந்தது. தனியாக நின்று சிரித்தேன்.

பம்பு மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடையை அடைத்துவிட்டு, வண்ணார்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் சிமெண்டுத் தொட்டிகளில் பாசி வளர்த்தாய் நீ. "ஏலே, கண்ணுக்குத் தெரியாத பாசி இது. ஒவ்வொண்ணுக்குள்ளயும் எண்ணெ இருக்கு. எடுத்தா டீசலு" என்பாய். வெயில் கூடினால் உன் வேட்டியையே பந்தலாகக் கட்டுவாய். "பெத்த பிள்ளைக்குக்கூட இப்படி நெழல் கட்டல" என்றாள் மதினி.

பாளையங்கோட்டைக் கல்லூரிப் பேராசிரியை ஒருவர் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்தால் பாசிக்குக் கல்லூரி ஆய்வகத்தில் இடம். இல்லையென்றால் மறுபடி காயில் கட்டப் போவதாக மதினிக்கு வாக்குக் கொடுத்திருந்தாய்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து அவரை அழைத்துக்கொண்டு நாம் மாடியேறியபோது, தொட்டிகளில் அடி தெரியும் தெளிந்த தண்ணீர். பிளீச்சிங் பவுடர் நெடி.

"வீட்டுக்கு ஆளு வாராவ. தொட்டி பூரா பாசியா கெடந்தா என்னயல்லா பேசுவாவ?" என்றாள் மதினி.

"ஏ மூதி, அதப் பாக்கத்தானே வந்திருக்காவ!"

பேராசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கழுவாத தொட்டி ஏதும் இருக்கா?" என்று கேட்டார்.

"புறவாசல்ல ஒண்ணு கெடக்கு. அங்கன யாரு வரப்போறான்னு விட்டுட்டேன்."

அது பாத்திரம் கழுவும் தொட்டி. அதிலிருந்து ஒரு சொட்டை எடுத்து, கொண்டுவந்திருந்த நுண்ணோக்கியில் வைத்து வெகுநேரம் பார்த்தார் பேராசிரியை. "எண்ணெய்த் துளி தெரியுது அண்ணாச்சி. யாரும் கவனிக்காமலே நல்லா வந்திருக்கு. இதையே வளர்ப்போம்."

"ஐயோ, அந்த அழுக்கையா!" மதினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

நீ மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாய். "பாத்தியாலே, வேட்டி கட்டி வளத்தது சாக்கடைக்குப் போச்சு. எச்சித் தட்டு கழுவுன தண்ணில வளந்தது காலேஜுக்குப் போவுது!"

அந்தப் பாசியிலிருந்து ஒருவழியாக எடுத்த எண்ணெயில் உன் பழைய பம்புசெட் ஒரே ஒருமுறை செருமிவிட்டு நின்றது. "செருமிட்டுல்லா? இனி பைய பேசும்" என்றாய். அது பேசுவதற்குள் நீ போய்விட்டாய்.

உன் காரியம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்டார்கள். புறவாசல் தொட்டியை மட்டும் யாரையும் தொடவிடாமல் மதினி மறித்து நின்றாள். பிறகு அதிலிருந்து ஒரு பாட்டிலில் மொண்டு என் கையில் கொடுத்தாள். "மூடிய இறுக்கிராதீய. மூச்சு முட்டிரும்."

பேருந்தில் பாதி என் மடியில் சிந்திவிட்டது. மீதி என் சன்னலில் பச்சை மாறாமல் இருக்கிறது. தினமும் குலுக்கிவிடுகிறேன். வீட்டுக்கு ஆள் வருகிறது என்று தெரிந்தால், யாரும் கழுவிவிடக் கூடாதே என்று முதல் வேலையாக அதை எடுத்து ஒளித்து வைக்கிறேன்.