உடம்புக்கு நல்லது

மார்ச் 3

அக்கா மறைந்தபின் அவள் மகள் என் இல்லத்துக்கு வந்து ஒரு மாதம் நிறைவுறுகிறது. சர்க்கரையைக் கண்டால் ஊர்ந்து வருவாள் என்பதால் அக்கா அவளுக்கு ‘எறும்பு’ என்று பெயரிட்டிருந்தாள். இப்போது சர்க்கரையும் வேண்டாம் என்கிறாள். பாலும் வெறுஞ்சோறும்தான் உணவு. காயைக் கண்டால் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொள்கிறாள். ஆறு வயதுப் பெண்ணின் முதுகெலும்பு சட்டைக்கு மேலாகவே தெரிகிறது.

அத்தானுக்கு வேலை வேறு ஊரில். “அவ நல்லா சாப்பிட ஆரம்பிச்சதும் கூட்டிட்டுப் போயிடறேன். அதுவரைக்கும் நீ பாத்துக்கம்மா” என்றார் தொலைபேசியில். பொறுப்பேற்றுக்கொண்டேன்.

மார்ச் 5

பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அச்சகத்தில் தாள் மடிக்கும் பணிக்கு வந்து, மடித்த தாள்களைப் படித்தே தேறியவள். இவ்வாரம் மடிப்பது குழந்தை உணவு குறித்த நூல். காய்கறிகளை வேகவைத்து மசித்து, சோற்றில் மறைத்து, ‘உடம்புக்கு நல்லது’ என்று அன்புடன் எடுத்துரைத்து ஊட்டுமாறு அதில் கூறப்பட்டுள்ளது.

இயந்திரம் ஓட்டுபவர் எட்டிப் பார்த்து, “என்ன புலவரே, மடிக்கச் சொன்னா மனப்பாடம் பண்றீங்க” என்றார்.

“அறிவு எவ்வழியில் வரினும் ஏற்கத்தக்கது” என்றேன்.

“அப்ப சம்பளத்தையும் அறிவாவே வாங்கிக்குங்க.”

மார்ச் 8

கேரட்டும் பூசணியும் தடயமின்றி மசித்தேன். முதல் கரண்டி உள்ளே சென்றது. “உடம்புக்கு நல்லதும்மா” என்றேன். அவ்வளவுதான், உண்டதையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டாள்.

மார்ச் 9

மீண்டும் முயன்றேன். மீண்டும் தோல்வி.

மார்ச் 13

இன்று பொறுமை இழந்து சத்தம் போட்டேன். “உன் நல்லதுக்குத்தானேடி சொல்றேன்?”

அவள் அழவில்லை. தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: “எனக்கு ஒண்ணும் இல்ல சித்தி. நான் நல்லாத்தான் இருக்கேன்.”

“அப்புறம் ஏன் சாப்பிட மாட்டேங்கிற?”

“இது செத்துப்போறவங்க சாப்பாடு. அம்மாவுக்கு இதத்தான் குடுத்தே. உடம்புக்கு நல்லதுக்கா, உடம்புக்கு நல்லதுக்கான்னு தெனமும் சொன்னே.”

மருத்துவமனையில் அக்காவால் மெல்ல இயலாத நாட்களில் மசித்து ஊட்டியது நான். இவள் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருப்பாள். பார்த்துக்கிட்டே இருந்திருக்கா. ஒவ்வொரு கரண்டியையும். எனக்கு ஏன் தோணல? இவ்வளவு படிச்சேனே — எதைப் படிச்சேன்?

மார்ச் 16

முழுக் கேரட் ஒன்றைக் கழுவித் தட்டில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எனக்கும் ஒன்று எடுத்துக் கடித்தேன். வெகுநேரம் என் வாயையே கவனித்தாள்.

“இதக் கடிக்கணுமா?”

“ஆமா. இது பல்லு இருக்கறவங்க சாப்பாடு.”

“எனக்கு முன்னாடி ஒண்ணு விழுந்துடுச்சே.”

“மிச்சமெல்லாம் சும்மாவா இருக்கு?”

கடைவாயில் வைத்து ஒரு கடி. அந்தச் சத்தம் கேட்டு அடுக்களைக்குள் சென்று முகம் கழுவிக்கொண்டேன்.

ஏப்ரல் 2

எதையும் மசிப்பதில்லை, எதையும் மறைப்பதில்லை. பீன்ஸை அவளே ஒடித்துத் தருகிறாள், ஒடிப்பதில் பாதி வாய்க்குள் போகிறது. முதுகெலும்பு சதைக்குள் மறையத் தொடங்கிவிட்டது.

அத்தான் அழைத்தார். “சாப்பிடறாளா?”

“சுமாராக உண்கிறாள்” என்றேன்.

சுமாராமே. வாய் கூசவில்லையா எனக்கு?

ஏப்ரல் 9

அவர் அழைத்தபோது எறும்பே தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள். “அப்பா, இன்னிக்கு தட்டு காலி. ரெண்டாவது தடவ வேற வாங்கினேன்.” மறுமுனையில் அவர் அழுவது எனக்கும் கேட்டது.

ஏப்ரல் 20

அழைத்துச் சென்றார்.

ஏப்ரல் 21

பணிக்குச் செல்லவில்லை.

மே 4

உணவு வேளையில் அழைத்தேன். அந்நேரத்தில்தான் இருவரும் வீட்டில் இருப்பார்கள்.

“சாப்பிட்டியா?”

“இப்பத்தான் உக்காந்தோம். அப்பா பீன்ஸ தீய விட்டுட்டாரு. பரவால்ல, சாப்பிடலாம்.”

“லீவு எப்படிப் போகுது? சிநேகிதிங்க யாராவது…”

“சித்தி, வெச்சிடட்டுமா? சோறு ஆறிடும்.”

வைத்துவிட்டாள். அவளுக்குப் பசி.