பீலியில்லாத மயிலும் இரண்டு மைனாக்களும்

இன்று அலமாரியைத் துடைத்தபோது உங்கள் கறுப்பு மைப் புட்டி உருண்டு வந்தது. துணியைச் சுற்றி மூடியைத் திருகினேன். மை காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டது. அந்தக் கற்பூர வாசம் மட்டும் போகவில்லை. சமையலறைக்குப் போய் இரண்டு கோப்பை எடுத்தேன் என்றால் நம்புவீர்களா? பிறகு ஒன்றைத் திரும்ப வைத்தேன். பிடோக் அடுக்குமாடியில் இந்த மூன்றறை வீடு எனக்கு ரொம்பப் பெரிசு.

எழுபதுகளின் நடுவில் சிராங்கூன் சாலையில், மளிகைக்கடைக்கு மேலே இருந்த அந்த அறை நினைவிருக்கிறதா? உள்ளூர் வார இதழ் ஒன்றில், மிருகங்களும் பறவைகளும் சட்டை மாட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தும் படக்கதை வந்துகொண்டிருந்தது. அந்தப் பாத்திரங்களை நம் இஷ்டத்துக்கு வரைந்து வாசகர் பக்கத்துக்கு அனுப்புகிற பைத்தியங்கள் ஞாயிறுதோறும் அங்கே சங்கமாகக் கூடுவோம். சிலோன் ரோடு பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு நான் நெற்றியில் திருநீற்றோடு வருவேன். காத்தோங் தேவாலயத்தில் பூசை முடித்து, கழுத்தில் சிறு சிலுவையோடு நீங்கள் வருவீர்கள். பார்த்தாலே தெரிந்துவிடும், யார் எந்த வீட்டுப் பிள்ளை என்று.

கதையின் நாயகி ஒரு மயில், பள்ளி ஆசிரியை. எல்லாரும் அவளுக்கு நீளத் தோகையும் இமைமுடியும் பொட்டும் போட்டு வரைந்தோம். நீங்கள் மட்டும் தோகை இல்லாமல், மங்கல் பழுப்பில், கொண்டையோடு நிறுத்தினீர்கள். சங்கத்தை நடத்திய அண்ணன் படத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"என்ன தம்பி, மயில் கேட்டா கோழி வரைஞ்சிருக்கீங்க?"

"பொம்பள மயிலுக்குத் தோகை கிடையாதுண்ணே."

"அப்புறம் பொம்பளன்னு எப்படித் தெரியும்? இமைமுடியாவது நீட்டி விடுங்க லா."

"தோகை இல்லாததுதாண்ணே அடையாளம். அது ஆட வேணாம். ஆடுறதப் பாத்து, வேணும் வேணாம்னு சொல்றதே அதுதான்."

அறையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின நாள்தான் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். இருந்த நகையெல்லாம் பூட்டிக்கொண்டு காப்பித் தட்டோடு நின்றவள் நான். வேணும் வேணாம் சொன்னதெல்லாம் அவர்கள்தான். அன்றைக்குத்தான் உங்களைச் சரியாகப் பார்த்தேன்.

அப்புறம் நாம் சேர்ந்து வரைந்தோம். கோடு உங்களுடையது, வண்ணம் என்னுடையது. உங்கள் மைப் புட்டி ஒன்று என் பையிலேயே தங்கிவிட்டது. மானுக்குக் கொம்பு, தேன்சிட்டுக்குத் தொண்டையின் நீலம், குயிலில் ஆணுக்குக் கறுப்பும் பெண்ணுக்குப் புள்ளியும். ரிப்பன் கட்டாமலே ஆணும் பெண்ணும் தெரிந்தன. அந்தத் திமிரில் ஒருமுறை அளவு மீறினோம். கறுங்குயிலுக்கு உங்கள் மூக்குக்கண்ணாடியை மாட்டினீர்கள். புள்ளிக்குயிலின் தோளில் என் பச்சைக் கைப்பையைத் தொங்கவிட்டேன். படம் அச்சில் வந்தது. அப்பா காலைப் பசியாறும்போது அதை வெகுநேரம் பார்த்தார்.

"இந்தப் பொட்டைக்குயில் வச்சிருக்கிறது உன் பைதானே? அந்தக் கண்ணாடிக்காரன் யாரு?"

அத்தோடு என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. பேருந்து நிறுத்தத்தில் உங்களிடம் சொன்னேன், இனி வரமுடியாது என்று. நீங்கள் தலையை மட்டும் ஆட்டினீர்கள். எனக்கு உங்கள் மேல் அப்படியொரு கோபம். ஒரு வார்த்தை சொன்னால் என்ன, முத்தா உதிர்ந்துவிடும்?

அடுத்த மாதம் வாசகர் பக்கத்தில் உங்கள் படம் வந்தது. காத்தோங் கடற்கரை, ஒரு தென்னை, கீழே இரண்டு மைனா. கண்ணாடியும் இல்லை, பையும் இல்லை. அப்பா, "மைனா," என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினார். சனிக்கிழமை வேலை முடிந்ததும் அந்தத் தென்னைக்குப் போனேன். நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள்.

"இதுல நான் எது?" என்றேன்.

"தெரியாது. மைனாவுல ஆணும் பொண்ணும் பாக்க ஒண்ணுபோலத்தான். அதனாலதான் வரைஞ்சேன். யாரும் கண்டுபிடிக்க முடியாதுல்ல?"

படத்தில் எந்த இடமோ, சனிக்கிழமை அங்கே நாம். எண்பதுகளில், புக்கிட் பாத்தோக்கில் புதுக் கட்டடங்கள் எழும்பிய காலம்வரை அது நடந்தது. வாசகர் பக்கம் நின்றபின் படங்கள் என் அலுவலகத்துக்குத் தபாலில் வந்தன. ஞானஸ்நானம் வாங்காத மருமகள் உங்கள் அம்மாவுக்கு ஆகாது. வாங்கிய மருமகன் என் அப்பாவுக்கு ஆகாது. அவர்கள் காலத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள். அவர்கள் இருவரும் இருக்கும்போதே நெஞ்சுவலியில் நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்கள் அடக்கப் பூசையன்று தேவாலயத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் தங்கை என்னிடம் வந்தார்.

"நீங்க அண்ணனுக்கு என்ன வேணும்?"

"கூடப் படம் வரைஞ்சவ."

"ஓ, அந்தக் குருவிப் படமா," என்று சொல்லி, பாட்டுத்தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

மறுநாள் வழக்கம்போல் பூ வைத்து, பொட்டிட்டு வேலைக்குப் போனேன். என் புளோக்கில் புருஷனை இழந்த அக்கா ஒருவர் வெறும் நெற்றியோடு வந்தால், மின்தூக்கியில் எல்லாரும் குரலைத் தாழ்த்துவார்கள். எனக்கு யாரும் தாழ்த்தவில்லை. கழற்ற என்னிடம் ஒன்றும் இல்லை. யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி நீங்கள் வரைந்தது அத்தனை பொருத்தமாகிவிட்டது. அழுவதற்காவது ஓர் அடையாளம் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். இந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

காய்ந்த மையில் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், கரையவில்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தாழ்வாரக் கம்பியில் ஒரு மைனா இருந்தது. அதை மட்டும்தான் வரைந்தேன். முடித்துப் பார்த்தால் அது தாளின் ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் இன்னொன்றுக்கு இடம் விட்டு. என் கைக்கு அப்படித்தான் வரைய வரும்.