கோமதிக்கா, அது வயித்து வலி இல்ல

எனக்குத் தலை பின்னிவிட்டு, பின்னி முடிச்சதும் உச்சந்தலையில ஒரு குட்டு வெச்சி அனுப்புற என் கோமதிக்காவுக்கு,

நீ எப்படி இருக்கேன்னு கேக்க முடியாது. அதனால நான் எப்படி இருக்கேன்னு சொல்றேன். எனக்குப் பையன் பொறந்து நாலு மாசம் முடிஞ்சிடுச்சி. அம்மா வூட்லதான் இருக்கேன், நீ பிரசவத்துக்கு வந்து இருந்த அதே உள் ரூம்ல. ஒரு காலால தூளிய ஆட்டிக்கினே எழுதறேன். ஒரு எடத்துல உக்கார முடியலக்கா. இந்த நாலு வரி எழுதறதுக்குள்ள ரெண்டு வாட்டி எழுந்து வாசல் வரைக்கும் போயிட்டு வந்துட்டேன். எதுக்குப் போனேன்னு தெரியல.

நீ போயி ஆறு வருஷமாச்சி. உன்னப் பத்தி இந்த வூட்ல யாரும் பேசறதில்ல. யாராவது கேட்டா அம்மா, "வயித்து வலி, தாங்க முடியாம பூட்டா"ன்னு சொல்லும். கேட்டவங்களும் தலைய ஆட்டிட்டு வேற பேச்சுக்குப் போயிடுவாங்க. நம்ம பக்கத்துல எத்தன பொண்ணுங்களுக்கு இந்த வயித்து வலி வந்திருக்குன்னு நெனச்சா எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது. உனக்கு ஒரு நாளும் வயிறு வலிச்சதில்ல. அஞ்சு மாசக் கொழந்தையத் தூங்க வெச்சிட்டு நீயா போன. அத ஏன் யாருமே சொல்ல மாட்றோம்?

உனக்குப் பண்ண அதே வைத்தியத்ததான் அம்மா எனக்கும் பண்ணிச்சி. பழைய நூல் பொடவையக் கிழிச்சி வயித்தச் சுத்தி இறுக்கிக் கட்டிச்சி. தண்ணி கேட்டா அரை டம்ளர். "தண்ணி ரொம்பக் குட்ச்சா வயிறு தொங்கிடும், இன்னா தெர்தா?" பூண்டுக் கொழம்பு, பால்சுறா புட்டு, மறுபடியும் பூண்டுக் கொழம்பு. இத்தனையும் பண்ணியும் என் வயிறு உள்ள போகல. கல்யாணத்தப்போ அம்பத்தெட்டு கிலோ இருந்தவ, எழுபத்தாறுல வந்து நின்னேன். பாக்க வந்தவங்க கொழந்தைய ஒரு பார்வ பாத்துட்டு, என் வயித்தப் பாத்து "இன்னொண்ணு உள்ளயே கீதா?"ன்னு கேட்டுட்டு, காப்பியக் குடிச்சிட்டுப் போனாங்க.

என் வூட்டுக்காரர நீ பாத்ததில்ல. ஒரகடத்துல கம்பெனி வேல, நல்ல மனுஷன்தான். ஷிப்ட் முடிஞ்சா எனக்கு ஒரு வீடியோ அனுப்புவாரு. அதுல ஒரு பொண்ணு முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக்கினு, "டெலிவரி ஆயி மூணே மாசத்துல பதினஞ்சு கிலோ கொறச்சேன், மோட்டிவேஷன மட்டும் விட்றாதீங்க"ன்னு சொல்லும். எனக்குக் காலைல பல்லு வெளக்கவே மோட்டிவேஷன் இல்ல. அத எந்தக் கடைல வாங்கறது?

இருந்தாலும் ஆரம்பிச்சேன். விடிஞ்சதும் ஏரிக்கர மேல நட. மொத ரெண்டு வாரம் ஒரு கிலோ கூட எறங்கல. நிறுத்திட்டு அழுதேன், திரும்ப நடந்தேன். அதுக்கப்பறம் எடை சரசரன்னு எறங்க ஆரம்பிச்சிது. நடந்ததால இல்லக்கா. சாப்பாடு உள்ளயே போகல. அம்மா வெச்ச நாஷ்டாவ, அது அந்தப் பக்கம் திரும்பினதும் நாய்க்குப் போட்டுடுவேன். பையன் அழுவான், நான் தூளி பக்கத்துல நின்னு அவனப் பாத்துக்கினே இருப்பேன். தூக்கணும்னு தெரியும், கை வராது.

ஊர்ல எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். "பரவால்லியே, நல்லா எளச்சிட்ட." எனக்கும் அது வசதியாப் போச்சி. மூஞ்சி ஏன் இப்படிக் கீதுன்னு யாராவது கேட்டா டயட்டுன்னு சொல்லிடலாம். என்ன சாப்பாடு, எவ்ளோ தூரம் நடக்கறன்னு என்கிட்ட ஐடியா கேட்டவங்க கூட இருக்காங்க.

மூணு வாரம் முன்னாடி, வாரா வாரம் போற மாதிரி, எடை பாக்க அரிசி மில்லுக்குப் போனேன். மூட்ட போடற எடை மெஷின் இன்னும் அதே மூலைலதான் இருக்கு. கொழந்தைய மில்லு அண்ணன் கைல குடுத்துட்டு மேல ஏறினேன். அறுபத்தஞ்சு. போன வாரத்துக்கு நாலு கிலோ கம்மி. அண்ணன் நம்பரப் பாத்துட்டுச் சிரிச்சாரு. "உங்கக்காவும் இப்டித்தாம்மா, வாரா வாரம் கொறஞ்சிக்கினே வந்திச்சி. உங்க குடும்பத்துக்கு ஒடம்பு சொன்ன பேச்சு கேக்குது."

சொல்லி முடிச்சப்பறம்தான் அவருக்கே ஒறச்சிது. கொழந்தைய என்கிட்ட குடுத்துட்டு, ஓடாத மில்லு பெல்ட்டப் போயி தட்டிக்கினு நின்னாரு.

உன்ன அந்த மெஷின் மேல ஏத்தினதே நான்தானே? நான் அப்ப காலேஜ் கடைசி வருஷம், எல்லாம் தெரிஞ்ச மேதாவி. "புள்ள பெத்தா இப்டியே பூசணிக்கா மாதிரி இருந்துடுவியா?"ன்னு உன்னக் கிண்டல் பண்ணி வாரா வாரம் இழுத்துக்கினு போனேன். காலண்டர் தாளுக்குப் பின்னாடி கட்டம் போட்டு எடைய எழுதி பீரோல ஒட்டினேன். எடை கொறையக் கொறைய நான்தான் ஜெயிச்ச மாதிரி குதிச்சேன். ஒரு நாள் நீ மெஷின்ல இருந்து எறங்கிக்கினே, "பசிக்கவே மாட்டுது மலரு"ன்னு சொன்ன. நான் இன்னா சொன்னேன்? "சூப்பர்க்கா, அப்டியே மெயின்டெய்ன் பண்ணு."

நீ என்னக் கொஞ்ச நேரம் பாத்த. அப்பறம் சரின்ன. அதுல இருந்து பதினோராம் நாளு நீ இல்ல. அந்தப் பார்வைல என்கிட்ட இன்னா கேட்டக்கா? இன்னும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமா? எனக்குப் புரிஞ்சிருக்காதுன்னு தெரிஞ்சேதான் நீ சொல்லலியா?

மில்லுல இருந்து வூட்டுக்குப் போகல. கொழந்தையோட நேரா நர்ஸம்மா இருக்கற சப் சென்டருக்கு நடந்தேன். தடுப்பூசிக்கு அடுத்த வாரம்தானே வரணும்னு அந்தம்மா கேட்டாங்க. "எனக்குக் கொழந்தையப் பாத்தா ஒண்ணுமே தோணல"ன்னு சொன்னேன். "வேற யாரோ வூட்டுக் கொழந்தையப் பாத்துக்கினு இருக்கற மாதிரி கீது." அவங்க கைல இருந்த நோட்ட மூடினாங்க. கதவச் சாத்திட்டு, "செத்துடலாம்னு தோணுதா?"ன்னு நேராவே கேட்டாங்க. பிரசவம் ஆனதுல இருந்து அத யாரும் என்கிட்ட கேட்டதில்ல. "இல்லாம பூட்டா தேவலன்னு தோணுது"ன்னு சொன்னேன். அவங்க என் கையப் புடிச்சிக்கினு, எடையெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம், இது வியாதி, மருந்து இருக்கு, என்னத் தனியா விட மாட்டோம்னு சொன்னாங்க. அங்க இருந்தே அம்மாவுக்கும் என் வூட்டுக்காரருக்கும் போன் பண்ணாங்க.

மறுநாள் உத்திரமேரூர் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா எல்லாம் கேட்டுட்டு, "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?"ன்னு கேட்டாங்க. அம்மா சட்டுனு, "அதெல்லாம் யாருக்கும் இல்லீங்க"ன்னுச்சி. எனக்கு எங்க இருந்து வந்துச்சோ கோவம். "எங்கக்காவுக்கு இருந்துச்சி. எங்கக்கா வயித்து வலில சாகல"ன்னு சொல்லிட்டேன். அம்மா மேசைக்குக் கீழ என் தொடையக் கிள்ளிச்சி. டாக்டரம்மா உன் வயசு கேட்டாங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அம்மாவே, "இருவத்தாறு. கோமதின்னு பேரு"ன்னுச்சி. ஆறு வருஷம் கழிச்சி அம்மா வாயில உன் பேர அன்னைக்குத்தான் கேட்டேன். அப்பறம் அது நிறுத்தவே இல்ல. நீ கொழந்தையத் தூக்க மாட்டன்னு, ராத்திரி தூங்க மாட்டன்னு, எல்லாத்தையும் சொல்லிச்சி. அம்மாவும் பாத்துக்கினுதான் இருந்திருக்கு.

மாத்திர ஆரம்பிச்சி இருபது நாளாச்சி. பால் குடுக்கலாம்னு சொல்லிட்டாங்க. ஆஸ்பத்திரில பாத்ததுல எடை ரெண்டு கிலோ ஏறிடுச்சி, "மறுபடியும் ஊதிட்டியா"ன்னு ஒரு ஆளு கேட்டாச்சி. அதுக்கு அம்மா குடுத்த பதில எழுத முடியாது. தண்ணி சொம்பு சொம்பா குடிக்கறேன். நடக்கறேன், ஆனா மில்லு மெஷின்ல ஏறல. அவரு வீடியோ அனுப்பறத வுட்டுட்டு, சாப்ட்டியான்னு மட்டும் கேக்கறாரு. அதுவே கொஞ்சம் பேஜாராத்தான் கீது. எல்லாம் சரியாயிடுச்சின்னு உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். சில நாளு இன்னும் கை வரல. நேத்து பையன் என் முடியப் புடிச்சி இழுத்தான், சுருக்குனு வலிச்சி அவன் மேல கோவம் வந்துச்சி. அந்தக் கோவம் கூட எனக்கு நல்லாருந்துச்சிக்கா.

உன் பொண்ணு யாழினி பழையசீவரத்துல அவங்கப்பா வூட்ல இருக்கா. ரெண்டாங்கிளாஸ். லீவுக்கு வந்தப்போ, "எங்கம்மாவுக்கு ஏன் சித்தி வயிறு வலிச்சிது? ஏதாவது தப்பா சாப்ட்டாங்களா?"ன்னு கேட்டா. நான் அப்ப பதில் சொல்லாம அவளக் கடைக்குக் கூட்டிக்கினு போயிட்டேன்.

இனிமே அப்படிப் போக மாட்டேன். அவ புரிஞ்சிக்கற வயசு வரும்போது, உனக்கு இருந்தது இன்னா வியாதின்னு நானே அவகிட்ட சொல்வேன். உன் மேல தப்பு இல்லன்னு சொல்வேன், நான் பண்ண தப்பையும் சொல்வேன். நாளைக்கி அவ ஒரு கொழந்த பெத்து, டாக்டரு முன்னாடி உக்காரும்போது, குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சான்னு அவங்க கேட்டா, எங்கம்மாவுக்கு இருந்துச்சி, எங்க சித்திக்கும் இருந்துச்சின்னு அவ தைரியமா சொல்லணும். சித்தி எங்கன்னு டாக்டரு கேட்டா, வெளிய பெஞ்சுல கொழந்தைய வெச்சிக்கினு உக்காந்திருக்காங்கன்னு சொல்லணும். அங்க நான் இருப்பேன்க்கா.

உன் கூடப்பொறந்தவ,
மலர்