எலிக்கு ஊற்றிய மருந்து

அண்ணா,

நீ குத்தியதில் எனக்கு இரண்டு பல் போயிற்று. "பெத்த அம்மாவே ஆளு தெரியாம அருவாளத் தூக்குது, எலிக்கு ஊத்தற மருந்த அதுக்குத் தரமாட்டியாடா?" என்று நான் வேலைசெய்யும் குன்னூர் ஆய்வகத்தையே நொறுக்கினாய்.

மறதிநோய்க்காக மூளையில் ஒரு நொதியை அடக்கும் மருந்தைச் செய்துபார்க்கிறோம். அது நொதியை அடக்கியது, பிறகு விடவேயில்லை. எலிகள் நுரைதள்ளித் துடித்துச் செத்தன. பந்தலூர் எஸ்டேட்டில் பூச்சிமருந்து அடித்து அப்பா செத்தாரே, அந்த விஷம் அடக்கியதும் அதே நொதி, அதே சாவு.

இதைச் சொல்ல வாயைத் திறந்தேன், மறுபடியும் குத்தினாய். அதனால்தான் உப்புத்தண்ணீர்க் குப்பியை மருந்தென்று காட்டினேன். நீ பிடுங்கிப் போனது அதைத்தான்.

குடித்ததும் அம்மா உன்னைப் பேர்சொல்லிக் கூப்பிட்டதாக அண்ணி போனில் அழுதார். அது தற்செயல். மறுபடி மறப்பாள், நீயும் இன்னொரு குப்பிக்கு வருவாய். அடுத்த முறை நானும் அடிப்பேன். அம்மாவைக் கொல்ல உன் கையில் எதையும் தரமாட்டேன்.

தம்பி