குட்டிராசாவும் மஞ்சள் சட்டையும்

மாசி 9, திங்கள்

விடியப் பனி. நெல் காயப்போடவில்லை.

முருங்கன் ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்கும் வரிசை. பக்கத்து மனிசி, பேரப்பிள்ளைகள் என்ன செய்கினம் என்று கேட்டது. சொன்னேன். மூத்தவன் ரஜீவன் வவுனியா கம்பஸ். அடுத்தவள் ஏ.எல். மூன்று பாடமும் பாஸ், இப்போது நேர்சிங். மகளின் பொடியன் ஸ்கொலசிப் பாஸ். அவன் தங்கச்சி தேவாரப் போட்டியில் மன்னார் வரை போய் முதலிடம். கடைசி, ரஜீவனின் தங்கச்சி தரணி. அவளில் வந்து வாய் நின்றது. வொலிபோல் விளையாடுகிறாள் என்றேன். உண்மையில் விளையாடவில்லை. வெளியே போகும் பந்தைப் பொறுக்கிக் கொடுக்கிறாள். ஆள் கட்டை.

மருமகள் சொல்வாள், "முகாமில கஞ்சி குடிச்சு வளந்த பிள்ளை மாமி, எப்பிடி உயரும்?"

தைலம் முடிந்தது. வாங்க மறந்துபோனேன்.

மாசி 10, செவ்வாய்

பொழுதுபட்டதும் ரி.வி.யில் ஜப்பான் கார்ட்டூன். ரஜீவன் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தது. கீழே இங்கிலிஸ் ஓடும், தரணி வாசித்துச் சொல்வாள். சில இடத்தில் தானும் சேர்க்கிறாள் என்று நினைக்கிறேன்.

அதில் ஒரு பொடியன். பேர் என் வாயில் வராது. நான் குட்டிராசா என்று வைத்திருக்கிறேன். குழுவில் எல்லாரும் பனை, இவன் வடலி. ஆனால் என்ன பிள்ளை. மற்றவர்கள் பந்தைப் பார்த்து நிற்க, இவன் அடிக்க வருகிறவனின் தோளைப் பார்க்கிறான். பந்து வர முதல் இவன் அங்கே. விழுந்து எடுப்பான். கைதட்டி முடிய முதல் எழும்பி நிற்பான். தான் எடுத்தேன் என்று ஒரு முகமும் இல்லை.

"ஏன் மோனை இவனுக்கு மட்டும் வேற நிறச் சட்டை?"

"அவர் லிபரோ அப்பம்மா. பின்னுக்கு நிண்டு பந்து எடுக்கிறதுதான் அவரின்ர வேலை. ஆர் எண்டு அம்பயருக்குத் தெரியோணும்."

"அடிக்க விடமாட்டினமோ?"

"நெட்டுக்கு மேலால அடிக்கேலாது. அதாலதான் உயரம் தேவையில்லை."

சொல்லிவிட்டு, அவன் வருகிற இடத்தைத் திருப்பிப் போட்டாள்.

ஒரு பந்து நெட்டைத் தாண்டி விழ அரை மணித்தியாலம். அதற்குள் பொடியனின் சின்ன வயது முழுக்க வந்துபோகிறது. மருமகள் அடுப்படியில் இருந்து, "அவ்வளவு நேரம் தந்தால் நானும் எடுப்பன்."

மாசி 11, புதன்

தரணி மாஸ்டரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். என்னை லிபரோவாகப் போடுங்கோ சேர் என்று. எங்கள் பள்ளிக்கூடத்தில் இதுவரை அப்படி ஒருவரைப் போட்டதில்லை. எல்லாருக்கும் நீலச் சட்டைதான்.

மாஸ்டர் சிரித்தாராம். பிறகு, "வேற நிறச் சட்டை ஒண்டு கொண்டு வாரும். சனிக்கிழமை போட்டுப் பாப்பம். சரிவராட்டி இந்தக் கதை இனி வேண்டாம்."

ஒரு நாள்தான். பிழை விட்டால் மறுபடி பந்து பொறுக்கல்.

கோழி இரண்டு முட்டை. வெண்டிக்காய்க்குப் பூச்சி.

மாசி 12, வியாழன்

வீட்டில் உள்ள சட்டைகள்: மகனின் வெள்ளை (ஊத்தை தெரியும்), ரஜீவனின் நீலம் (உதவாது), பச்சை (அக்குள் கிழிசல்). அலுமாரிக்கு அடியில் ஒரு மஞ்சள். நாங்கள் ஊருக்குத் திரும்பிவந்த புதிதில் மிதிவெடி பற்றி எச்சரித்த கூட்டத்தில் எல்லாருக்கும் கொடுத்தது. நெஞ்சில் மண்டை ஓடு, கீழே சிவப்பில் "அபாயம்".

மருமகள், "இதையோ மாமி பிள்ளைக்குப் போடப்போறியள்?"

வேறு என்ன இருக்கிறது. நீளத்தை வெட்டினேன், இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன். பழைய குடைத் துணியில் இலக்கம் வெட்டி முதுகில். மண்டை ஓட்டுக்கு மேல் ஒரு மஞ்சள் துண்டு. நிறம் கொஞ்சம் வித்தியாசம். தூரத்துக்குத் தெரியாது.

போட்டுப் பார்த்தாள். கண்ணாடிக்கு முன்னால் முழங்காலை மடித்து நின்று ஒரு பாவனை. குட்டிராசாவின் அதே நிலை.

மாசி 13, வெள்ளி

பிள்ளையார் கோயில். தரணி பேரில் அர்ச்சனை, திருவோணம். ஐயர், "வேற ஆருக்கும்?"

"இன்னொரு பொடியன் ஐயா. நட்சத்திரம் தெரியாது."

"எந்த ஊர்?"

"ஜப்பான்."

ஐயர் என்னை ஒருக்கால் பார்த்தார். "அப்ப சுவாமி பேரில செய்வம்."

அவன் ஆள் இல்லை, கீறின படம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவனால்தானே பிள்ளை போய்க் கேட்டாள்.

மாசி 14, சனி

கடும் வெயில். முருங்கன் மைதானம். எதிர்ப்பக்கம் மன்னார் பட்டணப் பிள்ளைகள், எல்லாம் நெடுவல்.

அம்பயர், "இது என்ன சட்டை?" மாஸ்டர், "வேற நிறம்தானே சேர்." விட்டார்கள்.

முதல் பந்து தரணியின் நெஞ்சில் பட்டு வெளியே. இரண்டாவது கைக்கு வந்து நழுவினது. மூன்றாவதுக்கு விழுந்தாள், எடுக்கவில்லை, நான் தைத்த துண்டு பிரிந்து தொங்கினது. மண்டை ஓடு வெளியே. வேலியில் நின்ற பொடியள், "டேய் அபாயம், அபாயம், தள்ளி நில்லுங்கோடா!" மாஸ்டர் ஓரத்து வாங்குப் பலகையில் இருந்த உயரமான பிள்ளையை எழும்பச் சொன்னார்.

தரணி துண்டைப் பிய்த்து எறிந்தாள். குனிந்து நின்றாள். பந்தைப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் அடிக்க ஓடிவந்த பிள்ளையின் தோளைப் பார்த்தாள். கார்ட்டூனில் அரை மணித்தியாலம் எடுக்கிற பந்து, இங்கே கண் வெட்ட முதல் வந்துவிட்டது. எடுத்தாள். நேரே மேலே, அழகாக. அடுத்ததும். அதற்கு அடுத்ததற்கு மண்ணில் சறுக்கிப் போய், முழங்கால் உரிந்து, ஒற்றைக் கையால். எழும்பி நின்ற பிள்ளையை மாஸ்டர் இருக்கச் சொன்னார். வேலிப் பொடியள் இப்போதும் அபாயம் என்றுதான் கத்தினார்கள். கத்தின விதம் வேறு.

மூன்றாம் செற்றில் தோல்வி. கொஞ்சத்தில்.

முடிந்ததும் தரணி பந்துகளைப் பொறுக்கப் போனாள். பழக்கம். மாஸ்டர் கூப்பிட்டார். "தரணி, அதை விடும். வேற ஆரும் பொறுக்கட்டும். நீர் இஞ்ச வாரும். அடுத்த சிலாவத்துறைப் போட்டிக்கும் நீர்தான்."

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மனிசிக்கு, கேட்காமலே சொன்னேன். என்ர பேத்தி.

மாசி 15, ஞாயிறு

உடம்பு உளைவு. பார்த்துக்கொண்டு இருந்ததற்கே.

ரஜீவன் போனில். பேஸ்புக்கில் போட்டுவிட்டானாம், எங்கட தங்கச்சி என்று. தரணி எடுத்துக் காட்டினாள். போன வருஷம் எடுத்த குழுப் படம். நீலச் சட்டைகள் வரிசையாக நிற்க, ஓரத்தில் பந்துச் சாக்கோடு இவள், பாதி முகம் வெட்டுப்பட்டு.

"அதை எடுத்துவிடு மோனை," என்றேன் ரஜீவனிடம். "நேற்று மாஸ்டர் எடுத்த படம் தரணி அனுப்புவாள். புதுசைப் போடு. முழங்கால் காயம் தெரியிற மாதிரி."