கேட்காமல் திரும்பிய ஜீப்பு

மே 6, 1957. திங்கள்

கேட்டுக் கேட்டு அலுத்துப்போன காரியம் இன்று தானாக நடந்தது. "வியாழக்கெழம எஸ்டேட்டுப் பக்கம் போறேன். நீயும் வா செல்வி, அந்தப் பிள்ளையப் பாத்துட்டு வந்துரலாம்" என்றார் அப்பா.

அந்தப் பிள்ளை என்றது அய்யம்மாளை. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். இப்போது பூப்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தை மாதம் அவளுக்குக் குழந்தை பிறந்தது. அன்றிலிருந்து கேட்கிறேன். ஏலக்காய் லோடு ஏற்றுகிற ஜீப்பில் பொம்பளப்பிள்ளைக்கு என்ன சோலி என்றே சொல்லிவந்தவர். எப்படி மனம் மாறினாரோ.

மே 8. புதன்

குழந்தைக்குச் சட்டை தைத்து முடித்துவிட்டேன். கழுத்தில் சின்னதாக மஞ்சள் பூ.

அம்மா என் ஊதாப் பட்டுச்சேலையை எடுத்துத் தேய்த்து வைத்திருக்கிறாள். ஜீப்புத் தூசிக்கு இது எதற்கு என்றேன். "கட்டிக்கோ" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மே 9. வியாழன்

மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்திருக்கிறேன்.

முதலிலிருந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் கத்திவிடுவேன்.

காலையில் கிளம்பினோம். ஜீப்பை ஓட்டியவர் சோலை, அப்பாவின் மூட்டைகளை வருஷக்கணக்காக ஏற்றி இறக்குகிறவர். மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி வளைவுகளில் ஏறும்போது அப்பா என்றுமில்லாமல் பேசிக்கொண்டே வந்தார். போடிமெட்டில் ஏறியதும், நேராகப் பூப்பாறைக்குப் போகாமல், "சோலை, அந்த மண்ரோட்டுப் பக்கம் திருப்பு" என்றார்.

"அங்கிட்டு ரோடு முடிஞ்சிருமே மொதலாளி. வெறும் பாறைதான் இருக்கு."

"தெரியும், திருப்பு. அங்கன நின்னா கீழ சீமையே தெரியுமாம். பிள்ள பாக்கட்டும்."

என் அப்பாவா இது? நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இந்த மலையில் ஏறி இறங்குகிறார். மேகம் கறுத்தால்கூட விலை ஏறுமா இறங்குமா என்றுதான் பார்ப்பார். இன்றைக்கு எனக்காக ஜீப்பைத் திருப்பச் சொல்கிறார் என்று எனக்கு நெஞ்சு இளகிப்போனது. அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பாறை நன்றாகத்தான் இருந்தது. அதை மறைக்க முடியாது. காலுக்குக் கீழே மலை அப்படியே நின்றுபோய், அதற்கப்புறம் வெறும் காற்று. அடியில் போடி ஒரு கைப்பிடியளவு. அந்தப் பக்கம் சிலமலை, கண்மாய்கள் தகரத் துண்டுகள்போல மின்னின. குரங்கணிப் பக்கமிருந்து ஈர மஞ்சு புகைபோல ஏறிவந்து என் முகத்தில் பட்டது. நான் சிரித்தேன். சேலை முந்தானை பறந்ததைக்கூடப் பிடிக்கவில்லை. ஒரு பாட்டுக்கூட வாய்க்குள் வந்தது.

திரும்பிப் பார்த்தால், பின்னால் ஒரு கறுப்புக் காரும் மூன்று பேரும்.

எவ்வளவு நேரமாக நின்றார்களோ. ஒரு அம்மாள், அவர் கணவர் போல ஒருவர், வெள்ளைக் கால்சட்டை போட்ட இன்னொருவர். அந்த அம்மாள் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மலையை அவள் பார்க்கவே இல்லை.

"வாங்க வாங்க, என்ன அதிசயம், இங்க பாக்குறோம்" என்று அப்பா போய்க் கைகுலுக்கினார். அப்பாவுக்கு நடிக்கத் தெரியாது. அப்போதே எனக்கு ஏதோ உறுத்தியது.

அந்த அம்மாள் பெயர் செல்லக்கனி. வெள்ளைக் கால்சட்டைக்காரர் அவள் தம்பி தங்கபாண்டியன். இலங்கையில், அட்டன் என்கிற ஊரில் துணிக்கடை வைத்திருக்கிறாராம். "எங்க நுவரெலியாவுலயும் இதே மாதிரி ஒரு எடம் இருக்கு" என்று அவர் பள்ளத்தாக்கைப் பார்த்துச் சொன்னார்.

செல்லக்கனி அதைக் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "ஏம்மா, அந்தா அந்தப் பாறை வரைக்கும் போயி நின்னு பாரேன், அங்கருந்து இன்னும் நல்லாத் தெரியும்" என்றாள். நானும் மடச்சி போல நடந்து போனேன். திரும்பி வந்தேன்.

"நடை நல்லாத்தான் இருக்கு" என்று அவள் தன் கணவரிடம் சொன்னது காற்றில் எனக்குக் கேட்டது.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லியிருந்தால் வந்திருப்பேனோ, மாட்டேனோ. சொல்லவே இல்லையே. அய்யம்மா பேரைச் சொல்லி, அந்தப் பச்சைக்குழந்தை பேரைச் சொல்லி என்னை ஏத்திக்கிட்டு வந்து — சந்தைக்கு ஓட்டிக்கிட்டு வர்ற மாட்டுக்காவது எங்க போறோம்னு தெரியும். அதுக்கு வழி பழகியிருக்கும்.

நான் நேராக அந்தத் தங்கபாண்டியனிடம் போனேன். "எதுக்கு இங்க வந்தீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

"தெரியாது."

அவர் முகம் மாறியது. அக்காவைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஜீப்புல ஏறு, பூப்பாறைக்குப் போவோம்" என்றார் அப்பா. எனக்கு அய்யம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை. குழந்தைச் சட்டையைச் சோலையிடம் கொடுத்துச் சேர்த்துவிடச் சொன்னேன். பிறகு முந்தலுக்கு இறங்குகிற பழைய நடைபாதையில் இறங்கினேன். அப்பா பின்னாலிருந்து கூப்பிட்டார். அவர்கள் முன்னால் சத்தம் போட்டுக் கூப்பிடவும் அவருக்குக் கூச்சம். அதனால் நான் தப்பித்தேன்.

வழியில் களை வெட்டிவிட்டு ஊருக்கு இறங்குகிற ஒரு அம்மாள் சேர்ந்துகொண்டாள். பெயர் மருதாயி. என் பட்டுச்சேலையையும் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏந்தாயி, யாரோடயும் சண்டையா?"

"ஆமா."

"சரி, கல்லப் பாத்துக் கால வையி. கோவத்துல எறங்குனா முட்டி போயிரும்."

அவ்வளவுதான் கேட்டாள். முந்தலில் பஸ் ஏறும்வரை கூடவே நின்றாள்.

மே 10. வெள்ளி

கட்டை விரலில் நகம் பெயர்ந்திருக்கிறது. அப்பா பேசவில்லை. நானும்.

மே 13. திங்கள்

அம்மா மெல்ல ஆரம்பித்தாள். "அவுகளுக்கு ஒன்னப் பிடிச்சுப்போச்சாம். கோவிச்சுக்கிட்டுப் போனதக்கூட அந்த அம்மா ரோசமுள்ள பிள்ளைன்னுதான் சொன்னாளாம்."

"எனக்குப் பிடிச்சிருக்கான்னு யாராவது கேட்டாங்களாம்மா?"

"அவுகளுக்கு விசா முடியப்போகுது. சீக்கிரம் கப்பலேறணுமாம்."

அது பதிலா?

மே 18. சனி

நாளைக்கு எங்கள் வேதக்கோயிலில் எனக்கும் அந்தத் தங்கபாண்டியனுக்கும் ஓலை வாசிக்கப்போகிறார்களாம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை உண்டானால் சொல்லுங்கள் என்று சபைக்கு நடுவில் படிப்பார்களே, அது. என் பெயரைப் படிக்கப்போகிறார்கள். எனக்கு இதைச் சொன்னது கோயில் கூட்டுகிற அன்னக்கொடி. ஊர் முழுக்கத் தெரிந்து கடைசியாக எனக்குத் தெரிகிறது.

பாதிரியார் வீட்டுக்குப் போனேன். அவர் நல்லவர். நாற்காலி எடுத்துப் போட்டார்.

"ஐயா, நான் சம்மதம் சொல்லல."

"உங்கப்பா வந்து சொன்னாரேம்மா. யோசேப்பு பொய் சொல்றவர் இல்ல."

"அவர் சம்மதத்த அவர் சொல்லியிருப்பாரு. என்னோடத நான்தான சொல்லணும்."

நெற்றியைத் தடவினார். "நாளைக்கு வாசிக்காம விட்டா அப்பாவுக்குத் தலைகுனிவாயிருமே. மொத ஓலைதான, வாசிச்சிட்டு அப்புறம் பேசிக்கலாமே."

"வாசிச்சீங்கன்னா, தடை இருக்குன்னு நானே எந்திரிச்சு நிப்பேன். அது இன்னும் தலைகுனிவு."

அம்மாவிடம் சொன்னாயா என்று கேட்டார். அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்றேன். சொல்லும்போதுதான் அழுகை வந்தது. அதுவரை வரவில்லை.

மே 19. ஞாயிறு

வாசிக்கவில்லை.

அப்பா சரிகை வேட்டி கட்டி முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அறிவிப்புகள் முடிந்து ஜெபம் ஆரம்பித்த பிறகும் தலையைத் தூக்கியே வைத்திருந்தார், இன்னும் வரும் என்று. பிறகு மெல்லக் குனிந்தார். பின்னாலிருந்து அந்தக் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இல்லை. ஆனால் செய்தது தப்பென்றும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "நீதான் போய்ச் சொன்னியா?"

"ஆமாப்பா."

"ஊர்ல எவன் பிள்ளையக் கேட்டுக்கிட்டுக் கலியாணம் பேசுறான்?"

"கேட்டிருந்தா அந்தப் பாறையிலயே பதில் சொல்லியிருப்பேன். இவ்வளவு தூரம் வந்திருக்காது."

செருப்பை மாட்டிக்கொண்டு ஏலக்காய்க் கடைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை கடை திறந்ததே இல்லை.

மே 22. புதன்

இலங்கைக்காரர்கள் போய்விட்டார்களாம். சோலை சொன்னார். குழந்தைச் சட்டையையும் சேர்த்துவிட்டாராம். சரியாக இருக்கிறதாம்.

மே 28. செவ்வாய்

இன்று நடந்ததை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

அப்பா சாப்பிட்டுக்கொண்டே, எனக்குக் கேட்கட்டும் என்று, "படிக்க வச்சது தப்பாப் போச்சு" என்றார் அம்மாவிடம். தினமும் இப்படி ஒன்று விழும். அம்மா கேட்டுக்கொண்டு குழம்பு ஊற்றுவாள். இன்று கரண்டியைச் சட்டியிலேயே வைத்தாள்.

"நான் படிக்கல. என்னையும் இப்படித்தான் காட்டுனாங்க."

"என்ன?"

"தேனியில துணி எடுக்கப் போவோம்னு எங்கப்பா கூட்டிட்டுப் போனாரு. கடைக்குள்ள நீங்க ஒக்காந்திருந்தீங்க. யாரோ ஆளுன்னு நெனச்சேன். நான் சேலைய விரிச்சு விரிச்சுப் பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க என்னயப் பாத்துக்கிட்டிருந்தீங்க. வீட்டுக்கு வந்தப்புறம் சொன்னாங்க, கலியாணம்னு."

அப்பா சோற்றில் கை வைத்தபடி இருந்தார்.

"எனக்கு அப்படிக் கூசிப்போச்சு. அன்னிக்கு எடுத்த சேலைய நான் கட்டவே இல்ல. எங்க அண்ணன் பொண்டாட்டிக்குக் குடுத்துட்டேன்."

"நான் ஒன்ன நல்லா வச்சுக்கலையா, சாராள்?"

"நல்லாத்தான் வச்சிருக்கீங்க. அத யாரு இல்லன்னா?" அம்மாவின் குரல் உயரவே இல்லை. "ஆனா கேக்கல. தெரிஞ்சே இவளுக்குப் பட்டத் தேச்சுக் குடுத்தேன் பாருங்க, அதான் எனக்கு ஆறல."

"இத்தன வருசமா ஏன் சொல்லல?"

"இன்னிக்குத்தான கேக்குறீங்க."

அப்பா எழுந்து கை கழுவினார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. அம்மாவின்மேல் எனக்கிருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவளுக்கு நடந்ததைக் கேட்டதும் புதிதாக ஒன்று மூண்டது. அவளுக்காகவும் சேர்த்து.

ஜூன் 3. திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. இந்த வருஷம் எனக்குக் கற்பிக்க ஐந்தாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். ஓய்வறையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. நிற்கட்டும். எத்தனை நாளைக்கு நிற்கும்?

ஜூன் 20. வியாழன்

அப்பா இன்று கடைக்குப் போகும்போது "போயிட்டு வர்றேன்" என்றார். அம்மாவிடமா என்னிடமா தெரியவில்லை. நான் "சரிப்பா" என்றேன்.

ஆகஸ்டு 17. சனி

சாயங்காலம் அப்பா சீக்கிரமே வந்தார். கால் கழுவிவிட்டு, நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த பாயில் எதிரே வந்து உட்கார்ந்தார். இப்படி எதிரே உட்கார்ந்து எத்தனையோ காலம்.

"உத்தமபாளையத்துலருந்து ஒருத்தர் கடைக்கு வந்தாரு. மகன் அங்க வாத்தியாராம். ஒன்னயக் கேக்குறாங்க. எம் பிள்ளையக் கேட்டுத்தான் சொல்லணும்னுட்டேன்."

நான் திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடினேன்.

"வயசு இருபத்தெட்டு. சுருட்டு, பீடி ஒண்ணும் கெடையாதாம். வேற என்ன தெரியணும்னாலும் சொல்லு, விசாரிச்சிட்டு வர்றேன். பாக்கணும்னா நம்ம வீட்டுக்கே வரச் சொல்றேன்."

"இப்ப வேண்டாம்ப்பா" என்றேன்.

ஏன் என்று கேட்பார், காரணம் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் வார்த்தை தேடினேன். அவர் கேட்கவில்லை.

"சரி. நாளைக்குச் சொல்லி அனுப்பிர்றேன்" என்றார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "சாராள், சோத்தப் போடு. நீயும் எங்களோடவே ஒக்காரு" என்றார்.

அம்மா தயங்கி நின்றாள். பிறகு தனக்கும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.